கற்பித்தற் பயிற்சியும் மதிப்பீடும்: ஆசிரிய மாணவரின் கள அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆசிரியக் கல்வி பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறுகளாகவே அமைந்துவிடுகின்றன. எந்த ஆண்டில் எந்தக் கலாசாலை தொடங்கப்பட்டது, எந்த ஆணைக்குழு எதனை விதந்துரைத்தது, எத்தனை பேர் தராதரப்பத்திரம் பெற்று வெளியேறினர் என்பன அவற்றில் விரிவாக இடம்பெறும். ஆனால், ஆசிரிய மாணவர் ஒருவர் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டு முதன்முதலாக ஒரு வகுப்பின் முன்னே நிற்கும் வாரங்களில் நிகழ்வது யாது, அவ்வனுபவத்தை மதிப்பிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அம்மதிப்பீடு எதனைக் கண்டது, எதனைக் காணாது விட்டது என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் இங்கு நிறுவ முற்படுவது இதுவே: கற்பித்தற் பயிற்சியை மதிப்பிடுவதற்கு நாம் இன்று கையாளும் முறை, பயிற்சியின் தேவையிலிருந்து பிறந்ததன்று; மேற்பார்வையின் தேவையிலிருந்து பிறந்தது. ஆதலின் அது பாடத்தை அளந்தது. பாடம் நடத்தியவரின் அனுபவத்தை அளக்கவில்லை. இலங்கையைப் பொறுத்தவரை, பெரும்பான்மையான ஆசிரியர்கள் முதலில் களத்திலும் பின்னரே பயிற்சியிலும் புகுந்தவர்களாதலின், இவ்விழப்பு இங்கு இரட்டிப்பானதாயிற்று.

1. திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

கற்பித்தலின் வழியே கற்றல் என்னும் கருத்துத் தமிழ் மரபுக்குப் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியின் நன்னூல், தனது பொதுப்பாயிரத்திலே ஆசிரியர் இலக்கணம், பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கர் இலக்கணம், பாடங் கேட்கும் முறை ஆகியவற்றை வகுத்துக் கூறுகின்றது. ஆசிரியர் சொல்வதை முழுமையாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையின் காற்பங்கே எனவும், உடன் கற்போருடன் பயில்வதால் மற்றொரு காற்பங்கு வாய்க்கும் எனவும், எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதனாலேயே கைகூடும் எனவும் அந்நூல் கணக்கிடுகின்றது. கற்பித்தல் என்பது கற்று முடித்தபின் செய்யும் தொழில் என்று கருதப்படாது, கற்றலின் பாதியாகவே கருதப்பட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இக்கருத்து ஒரு நடைமுறையாகவே நிலைபெற்றிருந்தது. மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோருக்கு எழுத்தும் எண்ணும் பழக்குவான். உபாத்தியாயர் அருகிலேயே இருப்பார். இம்முறையை நாம் இலட்சியப்படுத்தத் தேவையில்லை. சாதியும் பாலும் வகுத்த எல்லைகளுக்குள்ளேயே அத்திண்ணைகள் இயங்கின. மனனமும் பிரம்பும் அவற்றின் இரு தூண்களாக இருந்தன. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. கற்பிக்கப் பழகும் மாணாக்கனைக் கண்காணிப்பவர், அதே மணலில் அதே பிள்ளைகளுக்கு நாடோறும் எழுத்துப் பழக்குபவராகவே இருந்தார்.

இந்த முறையே ஐரோப்பாவின் வெகுசனக் கல்விக்கு வித்தாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789ஆம் ஆண்டில் ஏற்ற அந்திரு பெல் என்னும் கிறித்தவ மதகுரு, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தமது விடுதியின் உதவி ஆசிரியர்கள் அம்முறையைப் பின்பற்ற இணங்காதபோது, போர்வீரர் ஒருவரின் மகனான எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே இளையோருக்கு அரிச்சுவடி பழக்கினார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழி இது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது. யோசப் லங்காஸ்ரர் அதே காலப்பகுதியில் இலண்டனில் இதனையொத்த முறை ஒன்றை வளர்த்தெடுத்தார்.

ஆனால், திண்ணையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற முறை சென்றவாறே இருக்கவில்லை. கைத்தொழிற் புரட்சியின் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மிகக் குறைந்த செலவில் பயிற்றும் பொறியாகவே ஆங்கிலேயக் கல்விக் கழகங்கள் அதனைக் கண்டன. ஆசிரியராக விரும்புவோர் மாதிரிப் பாடசாலையிலே சில காலம் இருந்து, அப்பொறியின் இயக்கத்தைப் பார்த்துப் பழகிச் சென்றனர். களப்பயிற்சி என நாம் இன்று கூறுவதன் நவீன வடிவம் இவ்வாறே தோற்றம் பெற்றது. இதில் ஆசிரிய மாணவருடைய சிந்தனைக்கு இடமிருக்கவில்லை. பொறியைப் பிழையின்றி இயக்குகின்றாரா என்பதே பார்க்கப்பட்டது.

2. வித்தியாதரிசியும் நன்கொடைப் பணமும்

இப்பொறியின் குறைபாடுகள் விரைவிலேயே புலனாயின. கே-சட்டில்வேத் என்பார் 1840இல் இலண்டனின் பற்றசீ பகுதியில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார். சுவிற்சர்லாந்தில் பெசுத்தலோசி மரபிற் செயற்பட்ட நிறுவனங்களை நேரிற் கண்டு கற்றவர் அவர். அவரது முயற்சியால் 1846இல் மாணாக்க ஆசிரியர் முறை ஆங்கில அரசாங்கத்தின் திட்டமாயிற்று. 13 வயதுச் சிறுவரும் சிறுமியரும் தலைமை ஆசிரியர் ஒருவரிடம் ஐந்தாண்டுகளுக்குத் தொழில் பழகுநராக ஒப்பந்தம் செய்யப்பட்டனர். பகலில் அவர்கள் கற்பித்தனர். பாடசாலை நேரத்துக்குப் புறம்பாகத் தலைமை ஆசிரியரிடம் தாம் கற்றனர். ஆண்டுதோறும் வித்தியாதரிசி வந்து அவர்களைச் சோதித்தார். தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த பலருக்கு இது ஒரு முன்னேற்றப் படியாக அமைந்தது உண்மை. ஆனால் அப்படியின் ஒவ்வோர் அடியிலும் வித்தியாதரிசியின் கையொப்பம் தேவைப்பட்டது.

1862ஆம் ஆண்டின் திருத்திய கல்விக் கோவை இவ்வுறவை மேலும் இறுக்கிற்று. றொபேட் லோ என்பவரின் பெயரோடு பிணைந்த இக்கோவை, வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றிலே பிள்ளைகள் காட்டும் பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் வழங்க விதித்தது. வித்தியாதரிசி வரும் நாளே பாடசாலையின் வருமானத்தை நிர்ணயிக்கும் நாளாயிற்று. தாமே வித்தியாதரிசியாகப் பணியாற்றிய மத்தியூ ஆர்னல்ட் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். கற்பித்தல் உயிரற்ற இயந்திரச் செயலாகிவிடும் என்பது அவரது கண்டனத்தின் சாரமாகும். 1890களில் இங்கிலாந்து இம்முறையைக் கைவிட்டது. பணம் வழங்கும் முறை மறைந்தபோதிலும், அது தோற்றுவித்த மனப்பாங்கு மறையவில்லை.

குடியேற்ற நாடாகிய இலங்கைக்கு இம்மனப்பாங்கு காலந்தாழ்த்தாது வந்து சேர்ந்தது. 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் இங்கு நிறுவப்பட்டது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின்படி பணம் வழங்கும் முறை 1870களில் நடைமுறையில் இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மிசனரிமாரும், நாவலரின் முன்மாதிரியைப் பின்பற்றிய சைவ மக்களும் நடத்திய பாடசாலைகள் பல இந்நன்கொடையை எதிர்பார்த்தே இயங்க வேண்டியிருந்தது. நாவலர் தாமும் இளம் வயதிலே தாம் கற்ற மெதடிஸ்த பாடசாலையிலேயே ஆசிரியரானவர்; 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அந்தக் கள அனுபவமே அவருக்கு மூலதனமாயிருந்தது. அவ்வனுபவத்துக்கு எவரும் புள்ளியிட்டதில்லை. அவருக்குப் பின் வந்த தலைமுறையினரோ வித்தியாதரிசியின் குறிப்பேட்டிலே ஒரு வரியாகினர்.

‘பாடம் பார்த்தல்’ என்று நாம் இன்றும் வழங்கும் தொடரின் வரலாற்றுப் பின்னணி இதுவேயாகும். வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், வகுப்பின் பின்புறத்தே அமர்கிறார், எழுதுகிறார், போகிறார். அவர் எழுதியது தீர்ப்பாகிறது. கரும்பலகையின் ஒழுங்கு, வினாக்களின் தொகை, கற்பித்தற் சாதனங்களின் பகட்டு, வகுப்பின் அமைதி ஆகிய கண்ணுக்குத் தெரியும் பொருள்களே அத்தீர்ப்பின் ஆதாரங்கள். சில நிமிடங்களில் வந்து செல்லும் ஒருவருக்கு வேறெவையும் தெரிய வாய்ப்பில்லை. ஆதலின் இதனைத் தனி மனிதரின் குறைபாடெனக் கொள்ளுதல் பொருந்தாது; முறையின் குறைபாடெனவே கொள்ளல் வேண்டும்.

3. மறக்கப்பட்ட ஒரு மாற்று மரபு

வேறு வழி இருந்ததா என்னும் வினாவுக்கு, மாணாக்க ஆசிரியர் திட்டத்துக்கு ஏழாண்டுகள் முந்திய ஒரு நிகழ்ச்சி விடை தருகின்றது. 1839 யூலை மாதத்திலே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள லெக்சிங்ரன் என்னும் ஊரில், அந்நாட்டின் முதலாவது அரச ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை மூன்று மாணவியருடன் தொடங்கியது. அதன் அதிபர் சைறஸ் பியேர்ஸ். பயிற்சிப் பாடசாலையோடு ஒரு மாதிரிப் பாடசாலையும் இணைக்கப்பட்டிருந்தது. அங்கு மாணவியர் முறைவைத்துக் கற்பித்தனர்.

பியேர்ஸ் நாள்தோறும் அவ்வகுப்பறைகளுக்குச் சென்றார். சிலவேளை அமர்ந்து கவனித்தார். சிலவேளை தாமே வகுப்பைப் பொறுப்பேற்றுக் கற்பித்து, ஆசிரிய மாணவியைப் பார்வையாளராக இருக்கச் செய்தார். பின்னர் நல்லன எவை, தவறானவை எவை என்று அவர்களோடு பேசினார். மதிப்பிடுபவர் தாமும் மதிப்பிடப்படும் இடத்திலே நின்றார் என்பதே இதில் முக்கியமானது. அத்துடன் மாணவியர் நாட்குறிப்பு எழுதினர். அவர்களுள் ஒருவரான மேரி சுவிவ்ற் எழுதிய குறிப்புகளும் பியேர்ஸின் குறிப்புகளும் 1926இல் ஒரே நூலாக வெளியிடப்பட்டன. பயிற்றியவரின் பார்வையும் பயின்றவரின் பார்வையும் அருகருகே கிடைக்கும் அத்தகைய சான்று ஆசிரியக் கல்வி வரலாற்றில் மிக அரிது.

இம்மரபுக்குக் கோட்பாட்டு விளக்கம் அளித்தவர் ஜோன் டூயி. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1896இல் அவர் தொடங்கிய ஆய்வுப் பாடசாலை பலரும் அறிந்தது. கற்பித்தற் பயிற்சியில் கோட்பாட்டுக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பு பற்றி 1904இல் அவர் எழுதிய கட்டுரை அவ்வளவாக அறியப்படாதது. பயிற்சியின் நோக்கம் இரண்டிலொன்றாக அமையலாம் என்றார் அவர். தொழில் பழகுநர் போலக் கைத்திறனை உடனடியாகப் பெறச்செய்தல் ஒன்று. ஆய்வுகூடத்திற் போலப் பிள்ளையின் உள இயக்கத்தை அவதானிக்கக் கற்பித்தல் மற்றொன்று. முதலாவதற்கே முதன்மையளித்தால், ஆசிரிய மாணவர் பிள்ளைகளின் சிந்தனை எங்கே செல்கிறது என்பதைக் கவனியாது, வகுப்பு அடங்கியிருக்கிறதா என்பதையே கவனிப்பார். உடனடியாகத் திறமை காட்டுவார். ஆனால் பின்னர் வளரமாட்டார். டூயியின் இவ்வெச்சரிக்கை ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் தன் கூர்மையை இழக்கவில்லை.

இவ்விரு மரபுகளுள் மேற்பார்வை மரபே வென்றது. காரணம் கல்வியியல் சார்ந்ததன்று; பொருளாதாரம் சார்ந்தது. பியேர்ஸ் செய்ததைச் செய்வதற்கு நேரமும் ஆட்களும் வேண்டும். அரசுகளுக்கு வேண்டியிருந்ததோ, குறைந்த செலவில், ஒப்பிடத்தக்க எண்களில் அமைந்த தீர்ப்பு.

4. இலங்கையில் களம் முந்தியது, பயிற்சி பிந்தியது

மேனாட்டு நூல்கள், கோட்பாட்டைக் கற்ற மாணவர் பின்னர் களத்துக்குச் செல்வதாகவே கொள்கின்றன. இலங்கையின் ஆசிரியர் பயிற்சி வரலாறு இவ்வொழுங்குக்கு மாறானது. கோப்பாய், பலாலி, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை முதலிய ஆசிரிய கலாசாலைகளுக்குச் சென்றோரிற் பலர் பயிற்றப்படாத ஆசிரியராக ஏற்கெனவே பல ஆண்டுகள் பணியாற்றியவர்கள். தீவுப்பகுதியிலும் வன்னியிலும் மூதூரிலும் மலையகத்திலும் ஓலைக் கொட்டில்களிலும் ஒற்றை மண்டபங்களிலும் கற்பித்துவிட்டு, அதன்பின்னரே அவர்கள் ‘மாணவர்’ ஆயினர்.

இவர்களுக்கும் கற்பித்தற் பயிற்சி உண்டு. பாடக்குறிப்பு எழுத வேண்டும். சக மாணவரும் விரிவுரையாளரும் சூழ்ந்திருக்க ‘விமரிசனப் பாடம்’ நடத்த வேண்டும். இறுதியிற் பரீட்சகர் முன்னிலையில் பாடம் நடத்த வேண்டும். விமரிசனப் பாடம் என்பது 1837இல் கிளாஸ்கோவில் டேவிட் ஸ்ரோ நிறுவிய பயிற்சிக் கல்லூரியிலே சிறப்புற வளர்ந்த முறை. வகுப்பின் முன்னே ஒருபோதும் நின்றிராத இளைஞருக்கு அது பயன் தரலாம். பல ஆண்டுகள் கற்பித்த ஒருவரை, கற்பித்தலையே அறியாதவராகக் கருதி அதே மேடையில் ஏற்றுவதனால் நிகழ்வது என்ன? அவர் கொண்டுவந்த அனுபவம் வாயிலிலேயே கழற்றி வைக்கப்படுகின்றது. எப்பிள்ளை எதனால் வரவில்லை, மழைக்காலத்தில் வகுப்பு எவ்வாறு நடந்தது, பாடநூல் இன்றி வாசிப்பை எவ்வாறு பழக்கினார் என்று அவரிடம் வினவ மதிப்பெண் படிவத்தில் நிரல் இல்லை.

மலையகத்தை நோக்குமிடத்து இம்முரண்பாடு இன்னும் துலக்கமாகின்றது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. ஏனைய உதவி பெறும் பாடசாலைகளை அரசு 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகளுக்கு அவ்வாய்ப்பு 1970களிலேயே கிட்டத்தொடங்கியது. ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்து வகுப்புகள் என்பதே அவற்றிற் பலவற்றின் நிலை. ஆனால் கற்பித்தற் பயிற்சியின் அளவுகோலோ ஒரு வகுப்பு, ஒரு பாடம், நாற்பது நிமிடம் என்பதாகும். ஐந்து வகுப்புகளை ஒரே வேளையில் நடத்துவதற்கு வேண்டிய திறன்—ஒருவரை எழுதவைத்து, ஒருவரை வாசிக்கவைத்து, மூத்தவரைக் கொண்டு இளையவருக்குப் பழக்கும் திறன்—அவ்வளவுகோலில் அகப்படுவதில்லை. பெல் எழும்பூரிலிருந்து கொண்டுசென்ற சட்டாம்பிள்ளை முறையின் உயிர்ப்பான பகுதியை மலையக ஆசிரியர் தேவையின் நிமித்தம் தாமே மீளக் கண்டெடுத்தார். அது அவரது திறமையாகக் கணிக்கப்படவில்லை. வளப் பற்றாக்குறையின் அடையாளமாகவே கணிக்கப்பட்டது. அளவுகோல்கள் வர்க்கச் சார்பற்றவையல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1985இல் தொடங்கப்பட்ட கல்வியியற் கல்லூரிகள் இவ்வொழுங்கை மாற்றின. இரண்டாண்டுகள் கல்லூரியில் வதிந்து கற்றபின், மூன்றாம் ஆண்டு முழுவதையும் பாடசாலையிலே கட்டுறு பயில்வாகக் கழிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. சில வாரங்களுக்கு மட்டுப்பட்டிருந்த களப்பயிற்சி ஓர் ஆண்டாக விரிந்தமை ஐயத்துக்கிடமற்ற முன்னேற்றமாகும். ஆயினும் காலம் நீண்ட அளவுக்கு மதிப்பீட்டின் இயல்பு மாறிற்றா என்பது வினாவுக்குரியது. ஓராண்டுக் காலத்தில் பயிலுநர் பெறும் அனுபவத்தை, குறித்த சில வருகைகளின்போது காணப்பட்ட பாடங்களைக் கொண்டு கணிக்கும் வரை, பழைய வித்தியாதரிசி புதிய உடையில் தொடர்கிறார் என்றே கூறவேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை நீடித்த போரையும், 2004இன் ஆழிப்பேரலையையும் இவ்விடத்தே மறந்துவிட முடியாது. இடம்பெயர்ந்த பாடசாலையிலே, தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகளைக் கொண்ட வகுப்பிலே ஓர் இளம் ஆசிரிய மாணவி கற்பிக்கச் செல்கிறாள் எனக் கொள்வோம். அன்று ‘பாடப் பிரவேசம்’ செம்மையாக அமையாதிருக்கலாம். ஒரு பிள்ளை அழுததனாற் பாடம் நின்றிருக்கலாம். அவள் அன்று கற்றது, எந்தக் கல்வி உளவியல் விரிவுரையிலும் கற்க இயலாதது. படிவமோ அதனைப் பாடம் நிறைவுபெறாமை என்றே பதியும்.

5. அளவையின் வளர்ச்சியும் அனுபவத்தின் மீள்வரவும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதிப்பீட்டுக்கு அறிவியல் வடிவம் கொடுக்கும் முயற்சிகள் எழுந்தன. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் 1963இல் தோன்றிய நுண்கற்பித்தல், ஒரு திறனைத் தனியே பிரித்தெடுத்துச் சில நிமிடப் பாடமாகப் பயில்வித்தது. பிளாண்டர்ஸ் என்பவர் வகுப்பறைப் பேச்சைப் பத்து வகைகளாக வகுத்து, மூன்று வினாடிக்கொரு முறை பதிவுசெய்யும் முறையை வகுத்தார். ஆசிரியரே பெரும்பாலான நேரம் பேசுகிறார் என்னும் உண்மையை எண்களால் வெளிப்படுத்தியமை இம்முயற்சிகளின் பேறாகும். ஆனால் அவையும் வெளியிலிருந்து நோக்குவோரின் கருவிகளே.

இதற்கு மாறாக, ஆசிரிய மாணவரின் உள்ளத்தை அறிய முனைந்த ஆய்வுகளும் அதே காலத்தில் வெளிவந்தன. பிரான்சிஸ் புல்லர் என்னும் அம்மையார் 1969இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் ஆசிரிய மாணவரின் கவலை தம்மைப் பற்றியதாகவே இருக்கும் என்றும், அனுபவம் முதிரும்போதே அது பிள்ளைகளின் கற்றலை நோக்கித் திரும்பும் என்றும் எடுத்துக்காட்டியது. டான் லோட்டி 1975இல் எழுதிய நூல், ஆசிரியராக வருவோர் தாம் மாணவராயிருந்த நீண்ட ஆண்டுகளில் ஆசிரியரை அவதானித்தே தொழிலைப் பாதி பழகிவிடுகின்றனர் என்று காட்டியது. கல்லூரியிற் பெற்ற புதிய கருத்துகளைப் பாடசாலை அனுபவம் கழுவிக்கொண்டு போய்விடுகிறதா என்னும் வினாவைச் சைக்னரும் தபாச்னிக்கும் 1981இல் எழுப்பினர். 1983இல் டொனால்ட் ஷோன் சிந்திக்கும் தொழிலறிஞர் என்னும் கருத்தை முன்வைத்தபின், சிந்தனைக் குறிப்பேடு பல நாடுகளிலும் பயிற்சியின் அங்கமாயிற்று. லெக்சிங்ரன் மாணவியரின் நாட்குறிப்பு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் மீண்டும் பிறந்தது எனலாம்.

எனினும் இங்கும் எச்சரிக்கை தேவை. குறிப்பேட்டுக்குப் புள்ளி வழங்கப்படுமாயின், அதுவும் பரீட்சை விடைத்தாளாகிவிடும். விரிவுரையாளர் விரும்பும் ‘சிந்தனையை’ மாணவர் எழுதுவர். வகுப்பறையிற் பட்ட அச்சத்தையும், பாடசாலையிற் கண்ட அநீதியையும், தங்குமிடமும் பயணச் செலவும் தந்த தொல்லையையும் எழுதார். அனுபவத்தைக் கேட்பதற்கும் அனுபவத்தை விசாரணை செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை உணராத சீர்திருத்தம், மேற்பார்வையை வகுப்பறையிலிருந்து மாணவரின் உள்ளத்துக்குள் நகர்த்துவதாகவே முடியும்.

6. முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை நாம் பெறலாம். முதலாவது, தீர்ப்பளிக்கும் பணியும் வழிகாட்டும் பணியும் ஒருவரிடமே, ஒரே வேளையில் ஒப்படைக்கப்படலாகாது. தராதரப்பத்திரத்துக்குரிய கணிப்பு ஒன்று தேவைப்படின், அது இறுதியில் தனியே நிகழட்டும். அதுவரையிலான வருகைகள் புள்ளியற்ற வருகைகளாக அமைதல் வேண்டும். இரண்டாவது, மதிப்பிடுவோர் ஆசிரிய மாணவரின் வகுப்பிலே, அவர் பார்த்திருக்க, ஒரு பாடமேனும் தாமே நடத்துதல் வேண்டும். ஐந்து வகுப்புகள் உள்ள மண்டபமாயின் அந்த ஐந்தையும் அவர் நடத்திப் பார்க்கட்டும்; அளவுகோலின் போதாமையை உணர்த்துவதற்கு அதனினும் சிறந்த வழியில்லை. மூன்றாவது, ஆசிரிய மாணவரின் கூற்று அவரைக் கணிப்பதற்குரிய சான்றாகவன்றி, பயிற்சித் திட்டத்தையும் பாடசாலையையும் கணிப்பதற்குரிய சான்றாகக் கொள்ளப்படல் வேண்டும். ஒரு பாடசாலையிலே பயின்றோர் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே இடர்ப்பாட்டைக் குறிப்பிடுவராயின், திருத்தப்பட வேண்டியது அவர்களது பாடக்குறிப்பன்று.

இவை செலவு மிகுந்தவை என்று கூறப்படலாம். உண்மையே. ஆனால் செலவைக் குறைக்கும் நோக்கிற் பிறந்த மதிப்பீட்டு முறையே இரு நூற்றாண்டுகளாக நம்மை இங்கு கொண்டுவந்து நிறுத்தியுள்ளது. கற்றலின் அரைப்பங்கு கற்பிப்பதால் விளைவது என்று நமது இலக்கண ஆசிரியர் கணக்கிட்டார். அந்த அரைப்பங்கை, பின்வாங்கில் அமர்ந்திருந்து சில நிமிடம் நோக்கும் ஒருவரின் படிவத்தில் அடக்கிவிட இயலாது. ஆசிரிய மாணவரிடம் ‘எவ்வாறு கற்பித்தீர்’ என்று வினவிப் பழகிய நிறுவனங்கள், ‘எதனைக் கற்றீர்’ என்றும் வினவத் தொடங்கும்போதே, கற்பித்தற் பயிற்சி என்னும் பெயருக்கு உரிய பொருள் வாய்க்கும்.